இஸ்கண்டார் என்ற கிரேக்கப் பெயர்

ஜொகூரின் மெர்சிங் கடைத்தெருவில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் பேரரசர் படங்களின் கீழே ஒரு கிரேக்கப் பெயர் அச்சாகியிருக்கிறது. 2024 சனவரி 31 முதல் மலேசியாவின் 17ஆவது பேரரசராக இருப்பவர் ஜொகூரின் சுல்தான் இப்ராஹிம் இப்னி அல்மர்ஹும் சுல்தான் இஸ்கண்டார். அவருடைய தந்தை சுல்தான் இஸ்கண்டார் 1981 முதல் 2010 வரை ஜொகூரை ஆண்டவர். இடையில் 1984 முதல் 1989 வரை நாட்டின் பேரரசர். அவர் பெயரால்தான் தெற்கு ஜொகூரின் வளர்ச்சி வட்டாரம் 'இஸ்கண்டார் மலேசியா' ஆயிற்று. மாநில அரசின் தலைமையகம் கோத்தா இஸ்கண்டார். நூசாஜெயா என்று எல்லாரும் சொல்லிப் பழகியிருந்த ஊர் 2015இல் இஸ்கண்டார் புத்ரி ஆனது. 2017இல் பிறந்த அவருடைய கொள்ளுப்பேரனும் ஓர் இஸ்கண்டார்தான்.

இஸ்கண்டார் என்றால் அலெக்சாந்தர் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. மாசிடோனியாவின் பெயர் மலாய் அரண்மனைக்கு எப்படி வந்தது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பதில் வரும். கிரேக்கர்களே கப்பலில் கொண்டுவந்தார்கள் என்பார் ஒருவர். இஸ்லாத்தோடு வந்தது என்பார் இன்னொருவர். இஸ்கந்தனும் நம் கந்தனும் ஒன்றுதான் என்று தைப்பூசக் கூட்டத்தில் அடித்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். மூன்றையும் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பெயர் எந்தக் காலத்தில் எந்த ஊரில் எப்படி எழுதப்பட்டது என்று வரிசையாகப் பார்த்துவிட வேண்டும். பெயரின் மெய்யெழுத்துகளே அது வந்த வழியைச் சொல்லிவிடும்.

கிரேக்கத்தில் அலெக்சாந்த்ரோஸ். 'அலெக்சேயின்' என்பது தாக்க வருவதைத் தடுத்து விரட்டுவது. 'அனேர்' என்பது ஆண், அதன் வேற்றுமை வடிவம் 'ஆந்த்ர-'. மனிதரைக் காப்பவன் என்று அகராதிகள் பொருள் தரும். இந்தப் பெயரின் மிகப் பழைய கிரேக்கச் சான்றில் இருப்பது ஓர் ஆண் அல்ல, ஒரு பெண். மைசினியில் கிடைத்த, கி.மு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த களிமண் பலகை ஒன்றில் பெண்களின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. அசையெழுத்தில் 'அ-ரெ-க-ச-த-ர' என்று அதில் வரும் பெயரை அறிஞர்கள் அலெக்சாந்த்ரா என்று படிக்கிறார்கள். ஏறத்தாழ அதே காலத்தில், கி.மு. 1280ஐ ஒட்டி, இன்றைய துருக்கியில் ஆண்ட ஹிட்டைட் மன்னன் முவாத்தல்லி, விலுசா என்ற ஊரின் சிற்றரசனோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டான். அந்தச் சிற்றரசன் பெயர் அலக்சந்து. விலுசாதான் ஹோமரின் இலியோஸ், அதாவது ட்ராய், என்பது பெரும்பாலோர் ஒப்பும் கருத்து. ஹெலனைக் கவர்ந்துசென்ற ட்ராய் இளவரசனை இலியட் பாரிஸ் என்று சொல்வதைவிட அலெக்சாந்த்ரோஸ் என்றுதான் அதிகம் சொல்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால் ஆர்வம் கூடும்.

இதனால் பெயரே அனத்தோலியப் பெயர்தான், கிரேக்கர் அதைத் தங்கள் மொழிக்கு ஏற்பத் திருத்திப் பொருள் கற்பித்துக்கொண்டார்கள் என்ற ஐயமும் எழுந்தது. மைசினிப் பலகையில் அதே பெயர் பெண்பாலில், கிரேக்க இலக்கணத்துக்குச் சரியாகப் பொருந்தி நிற்பதால், அந்த ஐயத்துக்கு இப்போது வலுவில்லை என்றே எனக்குப் படுகிறது. உலகை வென்ற மூன்றாம் அலெக்சாந்தர் கி.மு. 356இல் பிறந்தபோது பெயருக்கு வயது ஆயிரத்தை நெருங்கியிருந்தது. மாசிடோனிய அரியணையில் அதே பெயருடைய இருவர் அவருக்கு முன்பே அமர்ந்து போயிருந்தார்கள்.

அவர் கி.மு. 326இல் பியாஸ் ஆற்றங்கரையோடு திரும்பிவிட்டார். அவர் திரும்பிப்போய் எழுபது ஆண்டுக்குள் பெயர் இந்தியக் கல்லில் ஏறிவிட்டது. ஆனால் அது அவர் பெயரல்ல. அசோகரின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு, தம் அறவெற்றி எட்டிய நாடுகளைச் சொல்லும்போது யவன மன்னர் ஐவரைப் பெயர் சொல்லி அழைக்கிறது. அந்தியோகன், துரமாயன், அந்திகினி, மகன் என்பவர்களோடு ஐந்தாமவனாக வருபவன் அலிகசுதரன். எபைரசின் அலெக்சாந்தரா, கொரிந்தின் அலெக்சாந்தரா என்பதில் வழக்கு இன்னும் தீரவில்லை. நமக்கு வேண்டியது அடுத்த சொற்கள். அதே மூச்சில், தெற்கே சோழர், பாண்டியர், தாம்பரபரணி வரை என்று கல்வெட்டு தொடர்கிறது. சோழனும் அலெக்சாந்தரும் ஒரே பத்தியில் சேர்ந்து நிற்கும் முதல் ஆவணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். பின்னால் மலாய்க்காரர்கள் இந்த இருவரையும் ஒரே வம்சத்தில் வைக்கப்போகிறார்கள் என்பதால் இதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

அலிகசுதரன் என்ற வடிவத்தைக் கவனிக்க வேண்டும். தலையில் 'அலி' அப்படியே நிற்கிறது, 'க்ச' பிரிந்து 'கசு' ஆகியிருக்கிறது, வரிசை மாறவில்லை. பாளி நூல்களில் அலெக்சாந்தர் பெயரிலான ஊராக வருவது அலசந்தா. கிரேக்க மன்னன் மிலிந்தன் பிறந்த தீவு அது என்கிறது மிலிந்தபஞ்ஹா. இலங்கையில் துட்டகைமுனு மகாதூபி எழுப்பிய விழாவுக்கு யோனர்களின் அலசந்தா நகரிலிருந்து துறவிகள் வந்ததாக மகாவம்சம் சொல்கிறது. முப்பதாயிரம் பேர் என்ற கணக்கை நாம் நம்ப வேண்டியதில்லை. இங்கே 'க்' மறைந்துவிட்டது, 'அல' நிலைத்தது. ஆக, கிரேக்கரை நேரில் கண்ட காலத்து இந்தியர்கள் இந்தப் பெயரை 'அல' இல்லாமல் சொன்னதே இல்லை.

மெர்சிங் கடலுக்கும் ஓர் அலெக்சாந்தர் உண்டு. தாலமி தம் நிலநூலில், தமக்கு முற்பட்ட தீரின் மரினஸ் என்பவரின் கணக்குகளை அலசுகிறார். பொற்றீபகற்பத்திலிருந்து, அதாவது மலாய் நிலத்திலிருந்து, கத்திகாரா துறைமுகம் எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு மரினஸ் சான்றாகக் காட்டுவது அலெக்சாந்தர் என்ற ஒருவர் எழுதிய குறிப்பை. அங்கிருந்து நிலம் தெற்கு நோக்கி இருக்கும், கரையோரமாகப் போனால் இருபது நாளில் சபை என்ற ஊர் வரும், அதிலிருந்து தெற்கும் இடமுமாக இன்னும் 'சில நாள்' போனால் கத்திகாரா என்கிறது குறிப்பு. அந்தச் 'சில நாள்' எத்தனை என்று தாலமியும் மரினசும் மல்லுக்கட்டுவது நல்ல வாசிப்பு. சபை எங்கே, கத்திகாரா எங்கே என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. ஆனால் தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போகும் கப்பல் எதுவானாலும் இன்று மெர்சிங் ஜெட்டியிலிருந்து படகுகள் போகும் இந்தக் கடலில்தான் ஏறியாக வேண்டும். 851இல் எழுதப்பட்ட அரபு மாலுமிக் குறிப்பு, சீனாவுக்குப் போகும் கப்பல்கள் குடிநீர் எடுக்கும் இடமாகத் தியூமாவைச் சொல்கிறது. அது நம் தியோமான் தீவு.

கிரேக்கர்களே கொண்டுவந்தார்கள் என்ற கட்சிக்கு இந்த முதல் நூற்றாண்டு அலெக்சாந்தர் பெரிய ஆறுதல். இருந்தும் கட்சி நிற்காது. அவர் பெயரை இந்தக் கரையில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. மலாய் மொழியில் 'அலெ' என்று தொடங்கும் பழைய வடிவம் ஒன்றுகூட இல்லை. வந்தது 'இஸ்க'. அதற்கு வேறு வழி.

அரபு மொழியில் 'அல்' என்பது பெயருக்கு முன் நிற்கும் சுட்டு. அலெக்சாந்த்ரோஸ் காதில் விழுந்தபோது முதல் அசையைச் சுட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்ததில் 'க்ஸ்' இடம் மாறி 'ஸ்க்' ஆயிற்று. மெய்ம்மயக்கத்தில் சொல் தொடங்குவது அரபுக்கு ஒவ்வாது. எனவே முன்னால் ஓர் இகரம். அல்-இஸ்கந்தர். அலெக்சாந்திரியா நகரும் அல்-இஸ்கந்தரியா ஆனது. பாரசீகத்தில் அது சிக்கந்தர். நம்மவர் ஸ்கூலை இஸ்கூல் என்றும் ஸ்டேஷனை இஸ்டேசன் என்றும் சொல்லும் அதே வாய்ப் பழக்கம்தான் இஸ்கந்தரையும் செய்தது.

இந்த 'ஸ்க்' எங்கே தென்பட்டாலும் பெயர் முஸ்லிம் உலகின் வழியே வந்திருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம். ஐரோப்பாவுக்குள்ளேயே இதற்குச் சான்று உண்டு. ரஷ்யாவில் சாஷா, ஸ்காட்லாந்தில் அலஸ்டேர், ஸ்பெயினில் அலெஹாந்த்ரோ, ஹங்கேரியில் ஷாண்டோர் என்று கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் நேராக வந்த வடிவங்கள் ஏராளம். அல்பேனியர்களின் தேசிய வீரன் மட்டும் ஸ்கந்தர்பேக். உதுமானியப் படையில் வளர்ந்து 'இஸ்கெந்தர் பே' என்று பட்டம் வாங்கியவன், அதே உதுமானியரை எதிர்த்துக் காலமெல்லாம் போரிட்டான். பெயர் மட்டும் துருக்கி மொழியிலேயே நின்றுவிட்டது.

பெயர் மாறியதுபோல ஆளும் மாறினார். தங்கள் பேரரசை அழித்ததற்காகப் பழைய பாரசீக சமய நூல்கள் அவரைச் 'சபிக்கப்பட்டவன்' என்றே எழுதின. 1010இல் ஷாநாமாவை முடித்த ஃபிர்தவ்சியின் கையில் அவர் பாரசீக மன்னன் தாராபின் மகன் ஆகிவிட்டார். தோற்கடித்தவனை வெளியாள் என்று ஒத்துக்கொள்வதைவிட நம் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொள்வது கௌரவமாக இருந்திருக்கும். குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயத்தில் வரும் துல்கர்னைன், 'இரு கொம்புடையவர்', அலெக்சாந்தரே என்று உரையாசிரியர்கள் பலர் கொண்டார்கள், சிலர் மறுத்தார்கள். லிசிமாக்கஸ் வெளியிட்ட கிரேக்க நாணயங்களில் அலெக்சாந்தரின் தலையில் அம்மோன் தெய்வத்தின் ஆட்டுக்கொம்பு சுருண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டம் புரியும்.

இப்படி மாறிய சிக்கந்தர்தான் தமிழ்நாட்டுக்கு வந்தவர். தில்லியில் அலாவுதீன் கில்ஜி தன் நாணயங்களில் 'இரண்டாம் சிக்கந்தர்' என்று பொறித்துக்கொண்டான். அவன் தளபதி மாலிக் காஃபூர் 1311இல் மதுரைக்கு வந்தான். பின்னர் எழுந்த மதுரை சுல்தானகத்தின் கடைசி சுல்தான் பெயரும் அலாவுதீன் சிக்கந்தர் ஷா; விஜயநகரத்தின் படையெடுப்புகளோடு அந்த அரசு முடிந்தது. திருப்பரங்குன்றத்து மலைமேல் சிக்கந்தர் பாதுஷா தர்கா இருக்கிறது, மதுரைக்குப் பக்கத்தில் சிக்கந்தர் சாவடி என்று ஊரே இருக்கிறது. அங்கே பேருந்து ஏறுகிற யாருக்கும் மாசிடோனியா நினைவுக்கு வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை.

மலாய்க் கதைக்கு வருவோம். இதுதான் எல்லாவற்றிலும் சுவையான பகுதி. மெர்சிங்கிலிருந்து ஜொகூர் பாரு போகும் பாதையில் கோத்தா திங்கி வரும். அந்த ஆற்றுக் கரையில்தான் பழைய ஜொகூர் அரசின் தலைநகர்கள் இருந்தன. அங்கே பெண்டாஹாராவாக, அதாவது முதலமைச்சராக, இருந்த துன் ஸ்ரீ லானாங் 1612இல் எழுதத் தொடங்கிய நூல் 'சுலாலத்துஸ் சலாத்தின்', நாம் செஜாரா மெலாயு என்று அறிந்தது. முதல் அரசனாக அதில் வருபவர் ரோம் இனத்தவர், மக்கதூனியா நாட்டவர், ராஜா தாராபின் மகன் இஸ்கந்தர் சுல்கர்னைன். ஃபிலிப் என்ற உண்மையான தந்தை காணாமலே போய்விட்டார், தாராப் இருக்கிறார். பெயர் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான முத்திரை வேண்டாம்.

இஸ்கந்தர் இந்தியாவுக்கு வந்து ஹிந்தி அரசனின் மகளை மணக்கிறார். அந்த வழியில் பல தலைமுறை கழித்துக் கலிங்க தேசத்து மன்னன் ஒருவன் பிறக்கிறான். சூரான், சூலான், சூலன் என்று பிரதிக்குப் பிரதி எழுத்து மாறும். உள்ளே இருப்பவர் சோழர் என்பதில் ஐயமில்லை. 1025இல் ராஜேந்திரன் கடாரம் கொண்ட படையெடுப்பின் மங்கிய நினைவு இது. அந்த மன்னன் கங்கா நகரத்தை அடிக்கிறான். ஜொகூர் ஆற்றின் தலைப்பகுதியில் கருங்கல் கோட்டையோடு இருந்த கங்காயுவை அடிக்கிறான். சீனாவை நோக்கித் தெமாசேக் வரை, அதாவது இன்றைய சிங்கப்பூர் வரை, வருகிறான். அதைக் கேள்விப்பட்ட சீன அரசன் ஒரு தந்திரம் செய்கிறான். ஒரு கப்பலில் துருப்பிடித்த ஊசிகளை ஏற்றி, காய்த்துக் குலுங்கும் மரங்களைத் தளத்தில் நட்டு, பல்லுப்போன கிழவர்களை மாலுமிகளாக அனுப்புகிறான். சீனா எவ்வளவு தூரம் என்று சோழப் படையினர் கேட்க, 'புறப்பட்டபோது நாங்கள் சிறுவர்கள். இந்த மரங்கள் விதைகள். இந்த ஊசிகள் கைத்தடிமன் இரும்புக் கம்பிகள்' என்கிறார்கள் கிழவர்கள். மன்னன் திரும்பிவிடுகிறான். அந்த மரங்களில் ஒன்று பிடாரா, நம் இலந்தை.

மன்னன் திரும்பும் வழியில் இன்னொன்றும் நடக்கிறது. அதைச் செய்பவன் அவனே என்று சில பிரதிகள், அவன் வழிவந்த ராஜா சூலன் என்று சில. கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, உள்ளிருந்து பூட்டக்கூடிய கண்ணாடிப் பெட்டி செய்து இறங்குகிறான். கடலடி நாட்டு இளவரசியை மணந்து மூன்று ஆண்பிள்ளைகள் பெற்று, கடற்குதிரை ஏறி வெளியே வருகிறான். மேற்குலகில் வழங்கிய அலெக்சாந்தர் கதைகளில் கண்ணாடிப் பெட்டியில் கடலுக்குள் இறங்குவது அலெக்சாந்தரேதான். பெயர் முப்பாட்டனிடம் நிற்க, சாகசம் மட்டும் சோழப் பேரனின் கைக்கு வந்திருக்கிறது. அந்த மரபின் இளைஞர்கள் மூவர் ஒரு நாள் பலெம்பாங்கில் புக்கிட் செகுந்தாங் மலைமேல் தோன்றுகிறார்கள். அன்றிரவு வான் எம்போக், வான் மாலினி என்ற இரு பெண்களின் மலைக்காட்டு நெல் பொன் கதிரும் வெள்ளி இலையுமாக ஒளிவிடுகிறது. நாங்கள் இஸ்கந்தர் சுல்கர்னைன் வழி என்கிறார்கள் அவர்கள். சிங்கப்பூரா, மலாக்கா, ஜொகூர் அரசர்களுக்கு அவர்களே முன்னோர்.

இதை வெறும் கட்டுக்கதை என்று தள்ளுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: வம்சாவளிக்கு எந்த அப்பனைத் தேர்ந்தெடுப்பது என்பதும் அரசியல்தான். முஸ்லிம் உலகம் போற்றும் ஒருவர் மேலே, கடல் தாண்டிவந்த சோழர் நடுவே, ஸ்ரீவிஜயத்தின் பலெம்பாங் கீழே. இந்த வட்டாரத்தின் மூன்று பெருமைகளும் ஒரே கொடியில் கோக்கப்பட்டிருக்கின்றன. சூலன் பேராக் அரச குடும்பத்தில் 20ஆம் நூற்றாண்டு வரை வைத்த பெயர். கோலாலம்பூரின் ஜாலான் ராஜா சூலான் அந்தக் குடும்பத்து ராஜா ஒருவரை நினைவூட்டுவது. அதே காலத்தில் பேராக்கை ஆண்டவர் ஒரு சுல்தான் இஸ்கண்டார்.

கதையை விட்டு ஆவணத்துக்கு வந்தாலும் மலாக்காவின் தொடக்கத்திலேயே பெயர் இருக்கிறது. மலாக்காவை நிறுவிய பரமேசுவரனின் மகன் 1414இல் சீன அரசவைக்கு வந்து தந்தையின் இறப்பைத் தெரிவித்ததை மிங் குறிப்புகள் பதிந்திருக்கின்றன. அவர் பெயர் அங்கே 'மு-கன்-ச-கன்-தி-எர்-ஷா', அதாவது மெகாட் இஸ்கந்தர் ஷா. நூறாண்டு கழித்துப் போர்த்துகீசியரான தோமே பிரெஸ் அவரையே 'ஷாக்கெம் தார்ஷா' என்று எழுதினார். ஐரோப்பியர் ஒருவர் தம் ஊரில் அலெஷாந்த்ரே என்று புழங்கும் பெயரையே கேட்டும் அடையாளம் தெரியாமல் எழுதியிருக்கிறார்.

சுமத்ராவில் அச்சே அரசுக்கு இஸ்கந்தர் மூடா கிடைத்தார். கில்ஜியைப் போலவே 'இரண்டாமவர்' என்று பட்டம் வைத்துக்கொண்ட இஸ்கந்தர் தானி அவருக்கு அடுத்தவர். இஸ்கந்தரின் வம்சத்தை எழுத்தில் வடித்த துன் ஸ்ரீ லானாங்கை மறு ஆண்டே, 1613இல், ஜொகூரைத் தாக்கிச் சிறைப்பிடித்துப்போனது அந்த இஸ்கந்தர் மூடாவின் படை. மலாக்கா வழிவந்த ஜொகூர் அரசமரபும் 1699இல் கோத்தா திங்கியில் சுல்தான் மஹ்மூத் கொல்லப்பட்டதோடு அற்றுப்போனது. பெயர் அதன் பிறகும் பிழைத்திருந்தது. இன்றைய ஜொகூர் அரசகுடும்பத்தில் அது அரியணை ஏறியது 1981இல்.

இனி கந்தன். 'ஸ்கந்தன்', 'இஸ்கந்தர்' இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் காது மயங்கத்தான் செய்யும். இருவரும் இளைஞர், இருவரும் படைத்தலைவர், இருவர் கையிலும் ஈட்டி. 1937இல் என். கோபால பிள்ளை இதை ஒரு முழு ஆய்வாகவே எழுதினார்: ஸ்கந்த வழிபாடே இந்தியாவில் உருமாறிய அலெக்சாந்தர் கதை என்றார். கதிர்காமத்தில் முருகன் கோயிலை ஒட்டி இஸ்லாமியர் கிழுறு நபியை நினைத்து வழிபடும் இடம் இருக்கிறது. அலெக்சாந்தர் கதையில் உயிர்நீரைத் தேடிப்போனவர் அந்தக் கிழுறு. எனவே இணைப்பு இன்னும் இறுகியதுபோலத் தோன்றும்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சாந்தோக்கிய உபநிடதத்தில் சனத்குமாரரை ஸ்கந்தர் என்று சொல்கிறார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டுப் பதஞ்சலி தம் மகாபாஷ்யத்தில் ஸ்கந்தன், விசாகன் சிலைகளைப் பேசுகிறார். அந்தக் காலத்தில் இந்தியர் வாயில் அலெக்சாந்தர் 'அலிகசுதரன்', 'அலசந்தா'. 'ஸ்கந்தர்' என்ற ஒலி பிறக்க அரபுச் சுட்டும் அரபு வாயும் வேண்டும். அதற்கு இன்னும் பல நூற்றாண்டு இருந்தது. மகன் பிறப்பதற்கு முன் பேரன் பிறக்க முடியாது. இதற்கெல்லாம் மேலாகக் குஷாண மன்னன் ஹுவிஷ்கனின் பொன் நாணயம் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அவன் முருகனின் உருவத்தைப் பொறித்து, கிரேக்க எழுத்திலேயே 'ஸ்கந்தோ கோமாரோ' என்று எழுதினான். கிரேக்க எழுத்தை அன்றாடம் புழங்கிய அரசவை அது. இவர்தான் அவர் என்ற எண்ணம் எள்ளளவு இருந்திருந்தாலும் அலெக்சாந்த்ரோஸ் என்று எழுதியிருப்பார்கள். சங்கப் பாட்டின் சேயோனுக்கும் வேலனுக்கும் அலெக்சாந்தரிடம் எந்த வேலையும் இல்லை. மெர்சிங் என்ற ஊர்ப்பெயருக்கே அமீர் சிங் என்ற ஒருவரைக் காரணம் காட்டும் கதை உண்டு. ஒலியை மட்டும் நம்பினால் எதையும் எதோடும் கட்டிவிடலாம்.

கடைசியாக, தமிழில் இதை எப்படி எழுதுவது என்ற சின்னத் தகராறு. மலேசியத் தமிழ் நாளேடுகளில் இஸ்கண்டார், இஸ்கந்தர் இரண்டும் வருகின்றன. ஆங்கில வழியாகவும் மலாய் உச்சரிப்பு வழியாகவும் வருவதற்கு நம் காது 'ண்ட' போடுகிறது: அலெக்ஸாண்டர், இஸ்கண்டார். போர்த்துகீசு, பிரெஞ்சு, அரபு, உருது வழியாக வருவதற்கு 'ந்த': பழைய விவிலியத் தமிழின் அலெக்சந்தர், புதுச்சேரிப் பக்கத்து அலெக்சாந்தர், மதுரைச் சிக்கந்தர். ஆகவே ஒன்றாக்க முயல்வதில் பயனில்லை. ஜொகூர் சுல்தானை அவர் நாட்டார் சொல்வதுபோல் இஸ்கண்டார் என்றும், ஏடுகளில் வரும் பழைய அரசர்களை இஸ்கந்தர் என்றும் எழுதுவது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இந்தக் கட்டுரையிலும் அப்படியே செய்திருக்கிறேன். இந்த இரண்டு கணக்கிலும் அடங்காத ஒரு வடிவம் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவரிடம் இருக்கிறது. 1663இல் ஆயரான பறம்பில் சாண்டியைப் போர்த்துகீசியர் அலெஷாந்த்ரே என்று எழுதினார்கள். முதலமைச்சராக இருந்த உம்மன் சாண்டியின் பெயரும் அதுவே. அங்கே 'அலெக்' முழுதும் உதிர்ந்து 'சாண்டி' மட்டும் மிஞ்சியது. ஜொகூர் ரப்பர்த் தோட்டங்களில் கணக்கெழுத வந்த மலையாளிக் கிராணிமார் கூட்டத்தில் சாண்டிகளும் வந்திருந்தால், அரண்மனையில் இருந்த பெயரே தோட்ட ஆபீசிலும் இருந்திருக்கிறது என்று கொள்ளலாம்.